கழட்டிய கார்டு

ஜூன் 10, திங்கள்

கோர்ட்டுகள் திறந்துவிட்டன. ஒரு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இன்று ஒரே நாளில் மூன்று வழக்குக் கட்டுகள். குழாயில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. லாரிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்றில் பெரியது வழக்கறிஞர் ஸ்டெல்லா அனுப்பியது. இருகூர்ப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனி. பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டும் நாகமணி என்ற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. தப்பு அவளுடையது என்று கம்பெனி விசாரணை வைத்து வேலையை விட்டும் நீக்கியிருக்கிறது. அந்த விசாரணையில் அவள் தமிழில் கொடுத்த வாக்குமூலத்தை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும்.

"ஏற்கெனவே ஒரு இங்கிலீஷ் காப்பி கேஸ்ல இருக்கு சுகந்தி. கம்பெனி தாக்கல் பண்ணது. அது சரியில்லன்னு கட்சிக்காரம்மா அடிச்சுச் சொல்றாங்க. மூலம் தொலஞ்சு போச்சுன்னு ரெண்டு வருசம் சொல்லிட்டிருந்தாங்க. ஜட்ஜ் கண்டிச்சப்புறம் இப்பத்தான் குடுத்தாங்க. நீங்க பழச பாக்காம புதுசா பண்ணுங்க" என்றார் ஸ்டெல்லா.

பார்க்காமல் செய்வதுதான் முறை. பழையதைத் தனியே உறையில் போட்டு வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஆறு பக்கம். ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"நாலாம் நம்பர் பிரஸ்ஸில் அன்று கார்டு இல்லாமல்தான் ஓட்டினேன். கார்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். கார்டு போட்டுத் தரும்படி மூன்று தடவை சூப்பர்வைசரிடம் கேட்டேன். கழட்டிய கார்டு சுவரோரம் இருந்தது."

எந்தக் கார்டு? நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். ரேஷன் கார்டும் கார்டுதான், ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி காட்டுகிற கார்டும் கார்டுதான். அட்டையா, காவலா?

நான்காவது வாக்கியம் சொல்லிவிடுகிறது. அட்டையை யாரும் கழட்டிச் சுவரோரம் வைக்க மாட்டார்கள். கழட்டுவதென்றால் அது திருகி மாட்டியிருந்த ஒன்று. மெஷினில் கை போகாமல் தடுக்கிற மறைப்பு.

பொறுக்க முடியாமல் பழைய ஆங்கிலப் பிரதியை எடுத்தேன். எல்லா இடத்திலும் அட்டை என்றே இருக்கிறது. நான்காவது வாக்கியம், 'வெளியே எடுத்த அட்டை சுவருக்கு அருகில் இருந்தது' என்று. இந்தக் கம்பெனியில் இன்னார் இன்ன மெஷினை இன்று ஓட்டலாம் என்று ஷிப்டு தொடங்கும்போது ஜாப் கார்டு கொடுப்பார்களாம். ஆகவே ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இப்படித்தான் புரியும்: அனுமதிச் சீட்டு இல்லாமல், இல்லை என்று தெரிந்தே, ஒரு பெண் மெஷினை ஓட்டிக் கையை விட்டிருக்கிறாள்.

மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. ஒரு ஏஜென்சியின் முத்திரை மட்டும். தேதி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நவம்பர் 14.

எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன்.

ஜூன் 12, புதன்

வேலை ஓடவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ஸ்டெல்லாவின் அலுவலகத்தில் நாகமணியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பிசிறு இல்லாத குரல். வலது கையை ஒளிக்கவில்லை. மேசை மேல் வைத்துக்கொண்டுதான் பேசினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை.

கார்டு என்றால் என்ன என்று கேட்டேன். மெஷினைப் பற்றித் தெரியாத என் போன்றவளுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஸ்டெல்லாவின் பேப்பர் வெயிட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது கீழ் டைங்க மேடம், அச்சு மாதிரி. தகட்ட இங்க வைக்கோணும். பெடல மிதிச்சா மேல இருக்கிற டை இறங்கும். எறங்குனா அம்பது டன்னு. கையின்னு தெரியாதுங்க அதுக்கு. அதனால முன்னாடி ஒரு கம்பி வலை. வலை எறங்கி மூடுனாத்தான் பெடல் வேல செய்யும். அதுதானுங்க கார்டு."

"அத ஏன் கழட்டுனாங்க?"

"வலை எறங்கி ஏற ரெண்டு செகண்டு ஆகுதுங்க. ஒரு ஷிப்டுக்கு எத்தன பீஸ் கொறையும்னு கணக்குப் போட்டாங்க." அவள் குரலில் கசப்பு இல்லை. ஒரு கணக்கு தப்பாக இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறவள் போல இருந்தாள். "மயில்சாமியண்ணன், எங்க சூப்பர்வைசர், மோசமானவர் இல்லீங்க. மேல இருந்து சொன்னாங்க, கழட்டுனாரு. நான் மூணு தடவ போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். மூணாவது தடவ, 'நாளைக்குப் போடறேன்'னு சொன்னாரு. அன்னைக்கு நாளு முடியறதுக்குள்ள இது போச்சுங்க."

"அத வாக்குமூலத்துல சொன்னீங்களா?"

"அதைத்தானுங்க சொன்னேன். வேற என்னத்தச் சொன்னேன்?"

திரும்பும் பேருந்தில் அவள் பேசியதை நினைத்துக்கொண்டே வந்தேன். முப்பது வருடமாக வாக்குமூலங்களை மொழிபெயர்க்கிறேன். அடிபட்டவர்கள் கூட்டிச் சொல்வார்கள், அடித்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. தனக்கு எதிராக இருக்கும் வாக்கியத்தையும், 'கார்டு இல்லை என்பது எனக்குத் தெரியும்' என்பதையும், அப்படியே சொல்லியிருக்கிறாள். இவ்வளவு துல்லியமாகப் பேசுகிறவளின் வார்த்தையைத்தான் அந்த மொழிபெயர்ப்பாளர் பாழாக்கியிருக்கிறார்.

ஜூன் 15, சனி

அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பத்தி முழுக்கப் பொருள். காவல் காப்பது. காவல் காக்கும் ஆள். கிரிக்கெட்டில் மட்டையை ஸ்டம்புக்கு நேராக வைத்து நிற்கும் நிலை. நாக்கை அடக்குவதற்குக் கூட அதே வினைச்சொல். கவனமாக இருந்தால் ஆங்கிலத்தில் ஆள் 'காவலில்' இருக்கிறார். அசந்தால் காவலை விட்டார். கடைசியில், மங்கலான எழுத்தில், இயந்திரத்தின் ஆபத்தான பகுதியை மூடும் மறைப்பு.

தமிழில் இத்தனைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. காவல், காப்பு, அரண், வேலி, மறைப்பு. நாம்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லை எடுத்து வந்தோம். எடுத்து வந்து நம் எழுத்தில் வைத்தபோது அது பக்கத்து வீட்டுச் சொல்லோடு கலந்துவிட்டது. திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பும்போது ஆள் மாறிப் போய்ச் சேர்ந்தது.

இப்படி எழுதிப் பார்க்கையில் தப்பு எழுத்தினுடையது போலத் தோன்றுகிறது. அது உண்மையில்லை. நான்காவது வாக்கியத்தைப் படித்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

பழைய மடிக்கணினியைத் திறந்தேன். பேட்டரி உப்பிப் போயிருந்தது, சார்ஜரில் போட்டால்தான் உயிர் வருகிறது. நவம்பர் கோப்பில் இருந்தது. அதே ஆறு பக்கம். அதே ஆங்கிலம்.

முத்திரையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். 'அந்த மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரு வாரமாக இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்

அந்த ஏஜென்சியை நடத்தும் தேவராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பேரு எங்கயும் இல்லீங்களே மேடம்."

"இல்ல."

"அப்பறம் என்ன? இப்பச் சரியாப் பண்ணிக் குடுங்க. முடிஞ்சது. பழச யாரு பண்ணாங்கன்னு யாரு கேக்கப் போறாங்க?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று அரை நாள் யோசித்தேன். இல்லை. புதிய மொழிபெயர்ப்பு அவள் வக்கீல் கேட்டு வாங்கியது. அதனால்தான் அவளுக்குச் சாதகமாக இருக்கிறது என்று கம்பெனி சொல்லும். பழையது அவள் இன்னார் என்றே அறியாத ஒருவர், எந்தப் பக்கமும் சாயாமல் செய்தது என்று சொல்லும். இரண்டையும் செய்தது ஒரே ஆள் என்று தெரிந்தால் மட்டும்தான் பழையது விழும்.

புளி கரைத்து வைத்தது அப்படியே இருக்கிறது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு நாகமணி வீட்டுக்கே போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் ஹரிணி கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாகமணி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பழைய இங்கிலீஷ் காப்பி நான் பண்ணது, நாகமணி. உங்க வார்த்தைய நான்தான் மாத்திட்டேன். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணது நான்தான்."

ஸ்டெல்லாவுக்கே அப்போதுதான் தெரியும். நாகமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"அத எழுதறப்ப, யாரு இந்தப் பொம்பளன்னு ஒரு தடவையாச்சும் நெனச்சீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்" என்றாள். ஆனால் அது மன்னிப்பு இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு மகளைக் காட்டினாள். "ரெண்டு வருசமா இவ என்ன நம்பிட்டிருக்கா தெரியுமுங்களா? அம்மா திமிர்ல சீட்டு வாங்காம மிசின் ஓட்டுனான்னு. கம்பெனி லெட்டர்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு. படிச்ச புள்ளைங்க. இங்கிலீசுல இருந்தா நெசம்னு நெனச்சிருச்சு. எங்கிட்டச் சொன்னது போதுங்க. அவகிட்டச் சொல்லுங்க."

ஹரிணி பேனாவை மூடிவிட்டுத் தலை குனிந்திருந்தாள். நான் கட்டில் ஓரத்துக்குப் போய், இரண்டு பிரதிகளையும் அவள் முன் விரித்து, வரி வரியாகக் காட்டினேன். 'கழட்டிய' என்ற சொல்லில் விரலை வைத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். எழுந்து போய்க் காலி டம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அது வரை அம்மாதான் இடது கையால் கழுவிக்கொண்டிருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நாகமணி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது நாகமணி ஸ்டெல்லாவிடம், "கம்பெனி சாட்சியா மயில்சாமியண்ணன் வருவாருங்களா?" என்று கேட்டாள்.

"ஜூலை ஒன்பதாந் தேதி வர்றாரு."

"அவரு கையில இந்தப் பக்கத்தக் குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. யோசிக்க விடாதீங்க. பதினெட்டு வருசம் அந்த ஷாப்புல இருக்கிறவரு. அவரு மனசு என்ன சொன்னாலும், வாயி நெசத்தத்தான் சொல்லும்."

நான் மொழியைப் படித்தவள். எனக்கு இது தோன்றவில்லை. எழுத்தில் ஒன்றாய் இருப்பதைப் பேச்சு பிரித்துவிடும் என்று இவள் கண்டுபிடித்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

புனேயிலிருந்து மகள் நிவேதா பேசினாள். நவம்பரில் செய்த தப்பையும் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போவதையும் சொன்னேன்.

"எந்த நவம்பர்ம்மா? அப்பா ஐசியூல இருந்தப்பவா?"

"ம்."

"பன்னெண்டு நாளு வராண்டாலயே உக்காந்து டைப் அடிச்சியே, அதுல ஒண்ணா? அத அவங்ககிட்டச் சொன்னியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அம்மா."

இட்லி மாவு பொங்கி வழிவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாவு அரைத்து ஒரு வாரம் ஆகிறது.

ஜூலை 9, செவ்வாய்

கூண்டில் ஏறினேன். இத்தனை வருடம் அடுத்தவர் சாட்சியத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஸ்டெல்லா கேட்டார், சொன்னேன். பழைய பிரதி என்னுடையது. அது தவறு. கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர்தான்.

"ரெண்டு வருசம் கழிச்சுத் திடீர்னு தப்புன்னு தெரிஞ்சுதா?"

"மூலத்தத் திரும்பப் பாத்தப்பத் தெரிஞ்சுது."

"அப்பவும் இதே மூலந்தானே? அன்னைக்குத் தெரியாததுக்குக் காரணம் ஏதாவது இருக்கா? உடம்பு சரியில்ல, குடும்பத்துல பிரச்சினை, இப்படி?"

காரணத்தைச் சொன்னால் இந்த அறையே என்னைப் பார்த்துப் பரிதாபப்படும். பிறகு பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். நாகமணி மூன்றாவது வரிசையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க. கவனிக்கல" என்றேன்.

அடுத்து, அதுவரை வெளியே காத்திருந்த மயில்சாமி. ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு. சொல்லிக் கொடுத்தபடி நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: ஜாப் கார்டு தரப்படவில்லை, அந்தம்மா தானாகப் போய் மெஷினில் உட்கார்ந்தார். ஜாப் கார்டு என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் 'கால்' என்பதில் வரும் 'க'. காது கொடுத்துக் கேட்டேன். ஸ்டெல்லா எழுந்து ஒன்றுமே கேட்காமல் மூன்றாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தார்.

"கோடு போட்ட எடத்தப் படிங்க. சத்தமா."

கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். படிப்பதில் என்ன ஆட்சேபம் என்று நீதிபதி கேட்டார். மயில்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கழட்டிய கார்டு சுவரோரம் இருந்தது."

'தங்கம்' என்று சொல்லும்போது வருமே, அந்தக் 'க'. அழுத்தமாக, தெளிவாக. பதினெட்டு வருடம் பழகிய நாக்கு.

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நீதிபதி நிமிர்ந்து, "இன்னொரு தடவ படிங்க" என்றார். மயில்சாமி தாளைப் பார்த்தார், பிறகு நாகமணியைப் பார்த்தார். இப்போது வேறு மாதிரிப் படித்திருக்கலாம், அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தானுங்கய்யா கழட்டுனேன்" என்றார். "அந்தப் புள்ள கேட்டுது. மூணு தடவ கேட்டுது."

வெளியே வந்ததும் நாகமணி அவரிடம் போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அவர் நடந்து போய்விட்டார்.

ஜூலை 10, புதன்

தேவராஜ் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். இனி வேலை அனுப்ப மாட்டாராம். லாரித் தண்ணீர் வந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

தீர்ப்பு. வேலை நீக்கம் செல்லாது. கைக்கு ஏற்ற வேலை கொடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். எல்லா பிரஸ்ஸிலும் கார்டு இருக்கிறதா என்று தொழிற்சாலை ஆய்வாளர் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

ஸ்டெல்லா போனில் படித்துக் காட்டினார். ஒரு பத்தியில் என்னைப் பற்றியும் இருக்கிறதாம். தன் பிழையைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட சாட்சி என்று. அந்தப் பத்தியைத் திரும்பப் படிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நாகமணி மூன்று மணிக்குப் பேசினாள். "தீர்ப்ப இங்கிலீசுல குடுத்திருக்காங்க. ஹரிணி தமிழ்ல எழுதறா. எழுதி முடிச்சதும் நீங்க ஒருக்கா சரி பாக்கோணும்."

செப்டம்பர் 23, திங்கள்

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. நாகமணி இன்று வேலைக்குப் போனாள். தரம் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்களாம். மத்தியானத்துக்குள் மேனேஜரிடம் போய், மேசை வேலை சாயங்காலம் பார்க்கிறேன், காலையில் ஷிப்டு தொடங்குமுன் பதினோரு பிரஸ்ஸின் கார்டையும் நான்தான் சோதிப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு மறுக்கத் தெரியவில்லை என்று ஸ்டெல்லா சிரித்தார்.

எனக்கு இரண்டு வக்கீல்கள் புதிதாக வேலை அனுப்புகிறார்கள். இப்போது ஒவ்வொரு வாக்குமூலத்தையும் முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து வீட்டில் நான் யாரோடு பேசுகிறேன் என்று கேட்டார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜைக்கு நாகமணி கூப்பிட்டிருந்தாள். இந்த ஒரு நாள் குடும்பத்தார் எல்லோரும் உள்ளே வரலாம். பிரஸ் ஷாப்பில் எண்ணெய் வாடையோடு சாம்பிராணி வாடை. கழுவித் துடைத்த மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் மஞ்சள் வர்ணம் அடித்த புதுக் கம்பி வலை. இரண்டு வருடமாக ஒரு சொல்லாக மட்டுமே தெரிந்ததை இன்றுதான் தொட்டுப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

ஹரிணி அம்மாவோடு வந்திருந்தாள். எது டை, எது பெடல் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாகமணி சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வலையையும் கையால் இறக்கி விட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். பூஜை நாளில் கூடவா என்று ஒருத்தி கேலி செய்தாள். ஏழாம் நம்பரில் நாகமணி நின்றுவிட்டாள். வலை இறங்கியது, ஆனால் சோம்பலாக, பாதியில் ஒரு நொடி தயங்கி.

பொரி கடலைத் தட்டோடு வந்துகொண்டிருந்த மயில்சாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஏழுல ஸ்பிரிங் தளர்ந்திருக்குது."

"திங்கக்கிழம மாத்திடலாம்மா. இன்னைக்கு நல்ல நாளு, வா, பொரி எடுத்துக்க."

"நாளைக்கு ஷிப்டு இருக்குதுங்களே."

"ஒரு நாளுதானே."

அவள் தரையில் மண்டியிட்டாள். பெடலைத் தண்டோடு சேர்த்து மெஷினை ஓட வைக்கிற இரும்பு ஊசியை மூன்று விரல்களால் பிடித்து அசைத்து அசைத்து உருவினாள். நேரமாயிற்று. ஹரிணி உதவக் குனிந்தாள், அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். ஊசி கையோடு வந்ததும் எழுந்து, எண்ணெயை முந்தானையில் துடைத்து, மயில்சாமியிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. ஸ்பிரிங் மாத்துனப்புறம் நீங்களே மாட்டுங்க."

சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி அதை வாங்கிப் புதுச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். பை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது. அப்படியே தட்டை ஏந்திக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போய், அங்கிருந்த குழந்தைகளுக்குக் கைநிறையப் பொரி கொடுக்க ஆரம்பித்தார்.